ஜவ்வாது மலை சாமை: ஒரு மெல்லிய உமிக்குள் சிக்கிய வாழ்க்கை!

"அண்ணே, சாமை இருக்கா?"

"இருக்கும்மா. அரை கிலோவா, ஒரு கிலோவா?"

"ஒரு கிலோ குடுங்க. நல்லா வெள்ளையா இருக்கிற பாக்கெட்டா பார்த்துக் குடுங்கண்ணே. போன தடவை வாங்கினது மங்கலா இருந்துச்சு."

சென்னையில் எந்த மளிகைக் கடையில் நின்றாலும் இப்படியொரு உரையாடல் காதில் விழும். சர்க்கரைக்கு நல்லது, எடை குறையும் என்று சொல்லிச் சொல்லியே சாமை நகரத்துச் சமையலறைக்குள் வந்துவிட்டது. நூறு ரூபாயை ஒட்டியும் அதற்கு மேலும் கொடுத்து ஒரு கிலோ வாங்குகிறோம். அந்தப் பணத்தில் எவ்வளவு, அதை விளைவித்தவரின் கைக்குப் போகிறது? இந்தக் கேள்விக்கான பதில் ஒரு மெல்லிய உமியில் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள மலை ஏற வேண்டும்.

மேட்டில் சாமை, பள்ளத்தில் நெல்

திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் என்று 3 மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது ஜவ்வாது மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. செய்யாறு பிறப்பது இங்கேதான். வானம் தெளிவாகத் தெரியும் என்பதால், வானியலாளர் வைணு பாப்பு இங்குள்ள காவலூரைத் தேர்ந்தெடுத்தார். அவர் பெயரைத் தாங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-ல் அங்கே செயல்பாட்டுக்கு வந்தது. அப்போது இந்தியாவிலேயே பெரிய தொலைநோக்கி அதுதான்.

மலையின் மையம் ஜமுனாமரத்தூர். சுற்றுலா வருகிறவர்கள் பீமன் அருவியில் குளித்து, கோலப்பன் ஏரியில் படகு விட்டு, தேனும் நெல்லிக்காயும் வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். ஏரியிலிருந்து கண்ணை உயர்த்தினால் தெரியும் சரிவுகளை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அந்தச் சரிவுகளில்தான் இந்த மலையின் பழைய சோறு விளைகிறது.

இங்கே வாழ்பவர்களில் பெரும்பாலானவர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். பெயரைப் பார்த்து கேரளாவோடு முடிச்சுப் போட வேண்டாம். மலையில் வாழ்கிறவர்கள் என்பதால் வந்த பெயர். பேசுவது தமிழ். தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் நெல், மேட்டுக் கொல்லையில் சாமை என்பது இவர்களின் விவசாயம். சரிவில் மண் அடித்துக்கொண்டு போகாமலிருக்க, கொல்லையில் கிடக்கும் கற்களையே பொறுக்கி வரப்பாக அடுக்குவார்கள்.

ஆடியை ஒட்டிப் பெய்யும் மழையில் சாமையை விதைப்பார்கள். கிணறோ மோட்டாரோ தேவையில்லை. ரகத்தைப் பொறுத்து மூன்று, நான்கு மாதங்களில் கதிர் முற்றிவிடும். அறுத்து, களத்தில் போட்டு அடித்து, தூற்றி எடுத்தால் தானியம் தயார். தாள் மாட்டுக்குத் தீவனம். நெல்லோ சோளமோ விளையாத கல்லாங்காட்டிலும் சாமை விளைந்துவிடும். மழை கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் ஒரேயடியாகக் கைவிடாது. உமி நீக்காத தானியமாக வைத்திருந்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. பஞ்ச காலத்துக்கென்றே படைக்கப்பட்ட பயிர்.

இவ்வளவு நல்ல பயிர் ஏன் பல மலைகளில் பின்வாங்கியது?

உலக்கையிடம் தோற்ற சோறு

சாமைத் தானியத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். கிட்டத்தட்ட கடுகு அளவு. மேலே பளபளவென்று வழுக்கும் உமி. ஆயிரம் மணிகளை எண்ணி நிறுத்தாலும் இரண்டு, இரண்டரை கிராம்தான் தேறும். அப்படியென்றால் ஒரு கிலோவில் நான்கைந்து லட்சம் மணிகள்! அத்தனை மணிகளிலிருந்தும் உமி போக வேண்டும். உள்ளே இருக்கும் அரிசியும் நொறுங்கக் கூடாது.

கேழ்வரகையும் கம்பையும் அப்படியே திரித்து மாவாக்கிக் கூழோ களியோ கிண்டிவிடலாம். சாமை, தினை, வரகு, குதிரைவாலி எல்லாம் அப்படியல்ல. உமியை நீக்கினால்தான் சோறு.

மலையில் இந்த வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்தவர்கள் பெண்கள். கொல்லை வேலையை முடித்துவிட்டு வந்து, உரலில் போட்டு இடிக்க வேண்டும். முறத்தில் போட்டுப் புடைக்க வேண்டும். உமி போகாதது மிஞ்சியிருக்கும். மறுபடியும் இடிக்க வேண்டும். கல் பொறுக்க வேண்டும். ஒரு குடும்பத்தின் ஒரு நாள் சோற்றுக்கு இத்தனை பாடு.

இந்த நேரத்தில்தான் ரேஷன் அரிசி வந்தது. தமிழகத்தில் 2011 முதல் அது விலையில்லாத அரிசியாகவே ஆனது. கழுவி உலையில் போட்டால் சோறு. உலக்கை மூலைக்குப் போனது.

'பாரம்பர்ய உணவை மறந்துவிட்டார்கள்' என்று நகரத்தில் உட்கார்ந்து சொல்வது சுலபம். இடித்த கைகளுக்குத்தான் வலி தெரியும். ரேஷன் அரிசி அந்தப் பெண்களுக்கு ஓய்வு கொடுத்தது. அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. சாமை ருசியில் தோற்கவில்லை. உழைப்புக் கணக்கில் தோற்றது.

வீட்டுச் சோற்றுக்குத் தேவையில்லை என்றானதும் சாமை விற்பனைக்கான பயிராக மட்டும் மிஞ்சியது. அங்கே தொடங்குகிறது அடுத்த சிக்கல்.

மூட்டை கீழே இறங்கும்போது...

அறுவடை முடிந்ததும் விவசாயிக்குக் கையில் பணம் வேண்டும். விதைப்புக்கு வாங்கிய கடன், பள்ளிக்கூடச் செலவு, தீபாவளி, வைத்தியம் என்று வரிசையாக நிற்கும். எல்லாக் கொல்லையிலும் ஒரே நேரத்தில் அறுவடை என்பதால் விலையும் அப்போதுதான் மிகக் குறைவாக இருக்கும். 'நல்ல விலை வரட்டும்' என்று மூட்டையை அடுக்கி வைத்துக் காத்திருக்கும் வசதி சிறு விவசாயிக்கு இல்லை. வியாபாரி சொன்ன விலைக்குத் தானியமாகவே கொடுத்துவிடுகிறார்.

மூட்டை கீழே இறங்குகிறது. சமவெளியில் இருக்கும் ஆலையில் கல் நீக்கி, உமி நீக்கி, தரம் பிரித்து, பாக்கெட்டில் அடைத்து, பெயர் ஒட்டுகிறார்கள். 100 கிலோ தானியத்தில் சுமார் 60 முதல் 70 கிலோ வரை அரிசி கிடைக்கும். எடை குறைகிறது, விலை ஏறுகிறது. அந்த ஏற்றத்தில் மலைக்குப் பங்கு இல்லை. பல பாக்கெட்டுகளில் மலையின் பெயர்கூட இருப்பதில்லை.

நெல்லுக்கு மத்திய அரசு குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கிறது. சிறுதானியங்களில் சோளம், கம்பு, கேழ்வரகு மூன்றுக்கும் உண்டு. சாமைக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. பழங்குடி மக்கள் அதிகம் வாழும் சத்தீஸ்கரில் 2021-ல் மாநில அரசே வரகுக்கும் சாமைக்கும் ஆதரவு விலை அறிவித்துக் கொள்முதலில் இறங்கியது. அப்படி ஒரு தரைவிலை இல்லாத இடத்தில், உமியை நீக்குகிறவர் வைப்பதுதான் விலை.

கொல்லை கொடுக்கும் வருமானம் போதாதபோது ஆட்கள் மலையிலிருந்து இறங்குகிறார்கள். சிலர் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு, சிலர் கேரளாவுக்கு, சிலர் கர்நாடகத் தோட்டங்களுக்கு. இன்னும் சிலரைச் செம்மரத் தரகர்கள் தேடி வந்தார்கள். 2015 ஏப்ரல் 7-ம் தேதியைத் தமிழகம் மறந்திருக்காது. ஆந்திர மாநிலம் சேஷாசலம் காட்டில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். செம்மரம் வெட்ட வந்தவர்கள் தாக்கியதால் சுட்டோம் என்றது ஆந்திரப் போலீஸ். அது போலி மோதல் என்றன மனித உரிமை அமைப்புகள். இறந்தவர்களில் ஜவ்வாது மலையைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள்.

அந்த மரணங்களுக்குச் சாமையின் விலைதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால், சொந்தக் கொல்லையின் விளைச்சல் ஆண்டு முழுக்கக் குடும்பத்தைத் தாங்கினால், முன்பின் தெரியாத தரகரின் பேச்சை நம்பி எல்லை தாண்ட எத்தனை பேர் முன்வருவார்கள்? மலையில் வருமானம் என்பது வெறும் பணம் சம்பந்தப்பட்ட விஷயமல்ல.

ஏரிக்கரைத் திராட்சை சொல்லும் கணக்கு

செங்குத்தான சரிவில் சிறு விவசாயம் செய்தால் இதுதான் கதி என்று விதி ஏதும் இல்லை. ஓர் உதாரணத்துக்கு சுவிட்சர்லாந்து வரை போய் வரலாம்.

ஜெனீவா ஏரியின் கரையில் லவோ என்றொரு பகுதி. சுமார் 30 கிலோமீட்டர் நீளத்துக்கு, ஏரிக்கு மேலே செங்குத்தாக எழும் சரிவு. கிட்டத்தட்ட 900 ஆண்டுகளுக்கு முன்பு கிறிஸ்தவத் துறவிகள் அந்தச் சரிவில் கல் சுவர் கட்டி, படிக்கட்டுகள் போலத் தட்டுத் தட்டாக நிலத்தை ஆக்கினார்கள். அந்தச் சுவர்களை நீட்டி வைத்தால் 400 கிலோமீட்டரைத் தாண்டும். தட்டுகளில் விளைவது அந்த வட்டாரத்துக்கே உரிய 'ஷாஸ்லா' என்ற வெள்ளைத் திராட்சை. இங்கே மூன்று சூரியன்கள் காய்கின்றன என்பார்கள் அந்த ஊர்க்காரர்கள். வானத்துச் சூரியன் ஒன்று, ஏரித் தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் இரண்டு, பகலெல்லாம் சூடேறிய கல் சுவர் இரவில் விடும் வெப்பம் மூன்று!

அங்கேயும் சிறு சிறு துண்டு நிலங்கள்தான். டிராக்டர் ஏற முடியாது. பழத்தை ஏற்றி இறக்கச் சரிவில் ஒற்றைத் தண்டவாளம் போட்டு, அதில் குட்டி வண்டி ஓட்டுகிறார்கள். சமவெளித் திராட்சையோடு விலையில் போட்டியிட முடியாத நிலம். ஆனாலும், பல குடும்பங்கள் தலைமுறைகளாக அங்கேயே நிற்கின்றன.

காரணம், திராட்சையைப் பழமாக விற்றுவிட்டு அவர்கள் ஒதுங்கிக்கொள்வதில்லை. பறிக்கும் குடும்பமே பிழிந்து, புளிக்கவைத்து, ஒயினாக்கி, புட்டியில் அடைக்கிறது. புட்டியில் அந்தக் கிராமத்தின் பெயர் இருக்கும். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் உள்நாட்டு மக்கள். சுவிஸ் ஒயினில் ஏற்றுமதியாவது மிகச் சொற்பம். 1977-ல் அந்த நிலத்தைக் கட்டடங்களிடமிருந்து காப்பாற்ற வேண்டுமா என்று வாக்கெடுப்பு நடந்தபோது, மக்கள் 'வேண்டும்' என்று ஓட்டுப் போட்டார்கள். 2007-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பர்யச் சின்னமாக அறிவித்தது.

ஒயினை விட்டுவிடுவோம், கணக்கை மட்டும் எடுத்துக்கொள்வோம். விளைவிக்கும் கையும் பக்குவப்படுத்தும் கையும் ஒன்றாக இருந்தால், சரிவு நிலமும் சோறு போடும்.

நம் ஊர்த் திராட்சையிலும் இதே பாடம் உண்டு. தேனி மாவட்டத்தின் கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமைதான். ஆனால், பன்னீர் திராட்சை பறித்த பிறகு அதிக நாள் தாங்காது. அன்றைக்கு வியாபாரி சொல்லும் விலைக்குக் கொடுத்தாக வேண்டும். பெயருக்கு அங்கீகாரம் வந்தால் மட்டும் போதாது. பழத்தைச் சாறாகவோ உலர்திராட்சையாகவோ மாற்றும் வசதியும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் அந்த விவசாயிகளின் நெடுநாள் கோரிக்கை.

சாமைக்கு ஒரு வசதி கூடுதலாக இருக்கிறது. தானியமாக வைத்தால் அது கெடாது. ஆலை மலையிலேயே இருந்தால், தேவைக்கேற்ப ஆண்டு முழுக்க அரிசியாக்கி விற்கலாம்.

மலையிலேயே அரிசியானால்?

அதற்கான முயற்சிகள் தொடங்காமல் இல்லை. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில், ஜவ்வரிசி ஆலைகளுக்கான மரவள்ளி பரவியதும் சாமை நிலம் சுருங்கியது. அங்கே எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் சுய உதவிக் குழுக்களிடம் உமி நீக்கும் இயந்திரங்களைக் கொடுத்து, சிறுதானியத்தை மீண்டும் வீட்டுக்குள் கொண்டுவர முயன்றது. ஒடிசா அரசு 2017-ல் பழங்குடிப் பகுதிகளில் தொடங்கிய சிறுதானிய இயக்கமும், விளையும் ஊரிலேயே பக்குவப்படுத்துவது, விளைவிப்பவர்களே சாப்பிடுவது என்ற இரண்டையும் முன்வைத்தது.

ஜவ்வாது மலையிலும் பழங்குடி விவசாயிகளே பங்குதாரர்களாக இருக்கும் உற்பத்தியாளர் நிறுவனம் இயங்குகிறது. சாமை, தேன், புளி போன்றவற்றை மலையின் பெயரிலேயே விற்கும் முயற்சி அது. திருவண்ணாமலையை அடுத்த அத்தியந்தலில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் இருக்கிறது. அங்கிருந்து 2019-ல் 'ஏ.டி.எல் 1' என்ற புதிய சாமை ரகம் வெளியானது. 2023-ஐ ஐ.நா சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. தமிழக அரசும் சிறுதானிய இயக்கத்தை அறிவித்தது.

இயந்திரத்தைக் கொண்டுவந்து இறக்கிவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. நெல் அரைக்கும் இயந்திரம் சாமைக்குச் சரிவராது. தானியத்தை வேகமாகச் சுழற்றி அடித்து உமியை உடைக்கும் தனி இயந்திரம் வேண்டும். அதற்கு முன் கல் நீக்க ஓர் இயந்திரம், அளவு பிரிக்க ஓர் இயந்திரம். ஒரே மூட்டையில் பெரிய மணியும் சிறிய மணியும் கலந்திருந்தால் பாதி நொறுங்கும், பாதி உமியோடு வெளியே வரும். மின்சாரம் சீராக இருக்க வேண்டும். பழுதானால் மெக்கானிக் கீழேயிருந்து வர வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், அறுவடை நேரத்தில் கையில் இருக்க வேண்டிய பணம். விவசாயிக்கு அன்றைக்கே காசு கொடுத்தால்தான் மூட்டை ஆலைக்கு வரும். இல்லையென்றால் வியாபாரியின் வண்டியில் ஏறிவிடும். இயந்திரத்துக்கு மானியம் கிடைக்கிறது. இந்த நடைமுறை மூலதனத்துக்கு வழி இல்லாமல்தான் பல ஊர்களில் நல்ல இயந்திரங்களும் தூசி படிந்து நிற்கின்றன.

நம் சமையலறையில் என்ன செய்யலாம்?

இப்போது அந்த 'வெள்ளை சாமை' விஷயத்துக்கு வருவோம். உமியை நீக்கினால் சாமை அரிசி பளீர் வெள்ளையாக இருக்காது. மேலே தவிட்டுப் படலம் இருப்பதால் கொஞ்சம் மங்கலாக, பழுப்பு கலந்த நிறத்தில்தான் இருக்கும். நாம் நாடும் நார்ச்சத்தில் கணிசமான பங்கு அந்தப் படலத்தில்தான் இருக்கிறது. 100 கிராம் சாமையில் சுமார் 10 கிராம் புரதமும், 7 முதல் 8 கிராம் வரை நார்ச்சத்தும் உண்டு. வெள்ளை வெளேர் என்று தீட்டிய சாமையில் அந்த நார்ச்சத்து கணிசமாகக் குறைந்துவிடும்.

தவிட்டில் எண்ணெய்ச் சத்து இருப்பதால், தீட்டாத சாமை அரிசி சீக்கிரம் சிக்கு வாசனை அடிக்கும். நாள்பட அலமாரியில் வைத்து விற்க வேண்டிய வியாபாரிக்கு அது நஷ்டம். அதனால்தான் தீட்டுகிறார்கள். நாமும் வெள்ளையைத்தானே கேட்டு வாங்குகிறோம்!

ஆகவே, கொஞ்சம் மங்கலான சாமையாகப் பார்த்து வாங்குங்கள். முகர்ந்து பாருங்கள், சிக்கு வாசனை இருக்கக் கூடாது. மாதத் தேவைக்கு மட்டும் வாங்கி, காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். அரை மணி நேரம் ஊறவைத்து, ஒரு பங்குக்கு இரண்டு முதல் இரண்டரைப் பங்கு தண்ணீர் வைத்தால் உதிரியான சோறு. பொங்கலுக்குத் தண்ணீர் இன்னும் கொஞ்சம் கூட. சர்க்கரை நோயாளிகள் ஒரு விஷயத்தை நினைவில் வையுங்கள். சாமையிலும் 100 கிராமுக்கு சுமார் 65 கிராம் மாவுச்சத்து உண்டு. 'சிறுதானியம்தானே' என்று தட்டு நிறையச் சாப்பிட்டால் பலன் இருக்காது.

பாக்கெட்டைத் திருப்பி, எந்த ஊரில் விளைந்தது, யார் பக்குவப்படுத்தியது என்றும் பாருங்கள். விவசாயிகளின் கூட்டு நிறுவனம் என்றிருந்தால் நாம் கொடுக்கும் ரூபாயில் கொஞ்சம் கூடுதலாகவே கொல்லைக்குப் போக வாய்ப்பு உண்டு. ஜவ்வாது மலைப் பக்கம் சுற்றுலா போகிறவர்கள் படகுச் சவாரி முடிந்ததும் தேனோடு சேர்த்து இரண்டு கிலோ சாமை அரிசியும் வாங்கிக்கொண்டு வரலாம்.

மளிகைக் கடையில் அடுத்த முறை நிற்கும்போது, பேச்சு இப்படிப் போனால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

"அண்ணே, சாமை இருக்கா?"

"இருக்கும்மா. நல்லா வெள்ளையா வந்திருக்கு, தரட்டுமா?"

"வெள்ளை வேண்டாம்ணே. அந்த மங்கலா இருக்கே, அதைக் குடுங்க. எந்த ஊர் சாமைண்ணே அது?"